ஏரியைச் சுத்தி அஞ்சு கடை

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பாத்துட்டு மூக்குக்கண்ணாடியக் கழட்டி மேசை மேல வெச்சாங்க. அவங்க அப்படிக் கழட்டி வெச்சா நல்ல சேதி கிடையாதுன்னு எனக்கு நல்லாவே தெரியும். போன தபா கழட்டி வெச்சப்பதான் எங்க ஊட்டுக்காரரோட எடது கால்ல ரெண்டு விரல எடுக்கணும்னு சொன்னாங்க. எடுத்தும் ஆச்சு.

"சுகர் மூணு மாச சராசரி ஏறியிருக்கு. வீட்ல என்னதான் சாப்பிடறார்?"

என்னைத்தான் கேட்டாங்க. அவரக் கேக்கல. நான் மூச்சு விடாம ஒப்பிச்சேன். காலைல கோதுமை ரவை உப்புமா, இல்லன்னா மூணு இட்லி. மதியம் ஒரு கப்பு சோறு, மீதி பூரா காய். ராத்திரி ரெண்டு சப்பாத்தி. எங்க ஊட்ல சக்கர டப்பாவே கிடையாது, நானே ரெண்டு வருஷமா சப்புன்னு டீ குடிச்சிகினு இருக்கேன். இவ்ளோ நான் சொல்லச் சொல்ல, அவரு செவுத்துல மாட்டியிருந்த காலண்டரப் பாத்துகினு உக்காந்திருந்தாரு. யாரோ பக்கத்து ஊட்டு ஆளப் பத்தி பேச்சு நடக்குதுன்னு நெனப்பு.

"அப்ப இன்சுலின் ஊசி அளவைத்தான் ஏத்தணும்," டாக்டரம்மா எழுதிகினே சொன்னாங்க. "இதுக்கு மேல ஏறினா விரல் எடுத்த எடத்துல இருக்கிற புண்ணு ஆறாதும்மா. அப்புறம் முட்டிக்குக் கீழ எடுக்கச் சொல்லிடுவாங்க. பயமுறுத்தறேன்னு நினைக்காதீங்க."

வெளிய வந்ததும் நர்சம்மா ஊசி அளவ விளக்கினாங்க. புது அளவு கூட இருக்கிறதால திடீர்னு சக்கர எறங்கலாம், வேர்த்துக் கொட்டினா, கை நடுங்கினா ஒடனே சக்கரத் தண்ணி குடுங்கன்னு என்னமோ சொன்னாங்க. நான் தலைய ஆட்டினேன். காதுல ஏறல. முட்டிக்குக் கீழ, முட்டிக்குக் கீழன்னு அதுவே ஓடிகினு இருந்துச்சு. ஏறுறதுதான் எனக்குப் பயம். எறங்குறதப் பத்தி எவ நெனைப்பா?

ஆட்டோல உக்காந்ததும் அவர ஒரு பார்வ பாத்தேன்.

"இன்னாமே அப்படிப் பாக்கற? ஊட்டுச் சோத்தத் தவிர வேற எதையும் நான் தொடல. என் மேல சத்தியமா."

"உன் மேல சத்தியம் பண்ணாதய்யா. இருக்கறதே கொஞ்சம்."

அவரு சிரிச்சாரு. எனக்கு சிரிப்பு வரல.

இருபது வருஷத்துக்கு மேல கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டுல ஒரு இரும்பு கம்பெனில உருட்டாலைல நின்ன ஆளு. காய்ச்சின கம்பி பக்கத்துலயே நின்னு நின்னு அவருக்கு சூடுன்னா ஒரு பொருட்டே இல்ல. சக்கர வந்து கால்ல உணர்ச்சி போனதே அவருக்குத் தெரியல. ஒரு நாளு ஷூவுக்குள்ள ஒரு துண்டு கங்கு விழுந்திருக்குது. ஷிப்ட்டு முடியற வரைக்கும் அத மிதிச்சிகினே வேல பாத்திருக்காரு. ஊட்டுக்கு வந்து சாக்ஸக் கழட்டினப்ப நாத்தத்தை வெச்சுத்தான் நான் கண்டுபுடிச்சேன். அப்பால ஆஸ்பத்திரி, ரெண்டு விரலு, வேலையும் போச்சு. இப்ப அவருக்கு அம்பத்தொண்ணு. நான் அதே எஸ்டேட்டுல வேற ஒரு கம்பெனில பேக்கிங்ல இருக்கேன். பாதி நாளு பர்ஸ்ட் ஷிப்ட்டு. அஞ்சரைக்கு பஸ்ஸு தெருமுனைக்கு வந்துடும், திரும்பி வர மூணு ஆவும்.

அந்த நேரத்துல அவரு பண்ண வேண்டிய வேல ஒண்ணே ஒண்ணு. நடக்கணும். டாக்டர் சொன்னது. எங்க தெரு முடியற எடத்துல ஏரி. கரை மேல கல்லு பாவி, பெஞ்சு போட்டு, சுத்தி வர நடக்கறதுக்குத் தோதா பண்ணி வெச்சிருக்காங்க. நான் நடந்தா முப்பது நிமிஷம். அவரு சக்கரக்காரங்களுக்குன்னு விக்கற அந்த மெத்துன்னு இருக்குமே, எம்சிஆர் செருப்பு, நீலக் கலர்ல, அதப் போட்டுகினு தாங்கித் தாங்கி நடந்தா ஒரு மணி நேரம். ஆனா காலைல ஏழரைக்குப் போனா பத்தாவும் திரும்ப. கேட்டா பெஞ்சுல உக்காந்தேன், கொக்கு பாத்தேன்ம்பாரு. கொக்காம்.

அந்த ரிப்போர்ட்டு வந்த வாரமே துணி தொவைக்கறப்ப கேஸு புடிபட்டுச்சு. அவரு சட்டப் பைல ஒரு பேப்பர் துண்டு. எண்ணெ ஊறி, கண்ணாடி மாதிரி ஆயிருந்துச்சு. மோந்து பாத்தேன். சோம்பு. எங்க ஊட்ல எண்ணெச் சட்டி அடுப்புல ஏறி எத்தினி நாளாச்சு!

கத்தல. அதிசயம்தான், ஆனா கத்தல. கத்தினா உஷாராயிடுவாரு. எனக்கு லீவு வர்ற நாளப் பாத்து, கடம்பத்தூர்ல எங்க நாத்தனார் ஊட்ல ஒரு காதுகுத்துக்கு அவர மட்டும் அனுப்பி வெச்சேன். ரெண்டு ரயிலு மாறிப் போயி வரணும், சாயந்திரம்தான் திரும்புவாரு. அவரு போன கையோட நான் ஏரிக்கரைக்குக் கெளம்பினேன்.

ஒண்ணு சொல்லணும். பதினோரு வருஷமா அந்த ஏரி பக்கத்துல குடியிருக்கேன். அந்தக் கரை மேல ஒரு கடைல கூட நான் உக்காந்து சாப்ட்டது கிடையாது. ஷிப்ட்டுக்கு ஓடு, வந்து ஆக்கு, கழுவு, படு. அவ்ளோதான் எனக்குத் தெரிஞ்ச ஊரு. அன்னிக்குதான் மொத மொதல்ல சாப்புடறதுக்குன்னு நடந்தேன். அதுவும் திருடனப் புடிக்க.

ஒரு வழி யோசிச்சு வெச்சிருந்தேன். "என் ஊட்டுக்காரரு இங்க வர்றாரா"ன்னு கேட்டா எவனும் காட்டிக் குடுக்க மாட்டான். அதனால தெருமுனை டீக்கடைல போயி பெஞ்சுல உக்காந்துகினு, "நீலச் செருப்பு போட்டுகினு ஒருத்தரு நொண்டிகினே வருவாரே, அவருக்குக் குடுக்கறதையே எனக்கும் குடுங்க"ன்னேன்.

டீ மாஸ்டருக்கு மொகம் மலர்ந்துடுச்சு. "நம்ம எம்சிஆர் அண்ணனா!"ன்னு சொல்லிகினே டீய ஆத்தினாரு. கெட்டிப் பால், நல்லா எறங்கின டிக்காஷன், சக்கர அளவா. கூட முக்கித் திங்க ஒரு பொறை ரொட்டி. "ஒரே ஒரு டீதான்க்கா குடிப்பாரு அண்ணன். ரொம்ப கட்டுப்பாடு."

குடிச்சேன். ரெண்டு வருஷத்துக்கப்பறம் சக்கர போட்ட டீ. தொண்டைல எறங்கறப்ப கண்ணு கலங்கிச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

அடுத்தது வேப்பமரத்தடில வடை போடற அக்கா. அதே கேள்வி. அவங்க எண்ணெய்ல பாதி வெந்த மசால்வடைய இன்னும் கொஞ்சம் மொறுகவிட்டு எடுத்தாங்க. "அண்ணனுக்கு நல்லா முறுகணும்மா. ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாரு." இலத்துண்டுல வெச்சு, மேல கெட்டிச் சட்னி. கடிச்சதும் சோம்பு வாசன மூக்குல ஏறிச்சு. சட்டப் பைல இருந்த அதே வாசன.

அப்பால கூழு வண்டி. கேவுருக் கூழு, மோர் ஊத்திக் கரைச்சு ஒரு சொம்பு, தொட்டுக்க மோர் மொளகா, சின்ன வெங்காயம், சுட்ட கருவாடு. "கூழு ஒடம்புக்கு நல்லதுன்னு ஒரே ஒரு சொம்பு குடிப்பாருக்கா." ஆந்திரா பக்கத்துல இருந்து வந்து மெஸ்ஸு நடத்தற அம்மா பச்சப்பயறு தோசைக்குள்ள உப்புமாவ வெச்சு மடிச்சுக் குடுத்தாங்க, பெசரட்டுன்னு. பக்கத்துல இஞ்சிப் பச்சடி. "அண்ணைய்யா ஒகட்டே திண்டாரும்மா, ஒண்ணே ஒண்ணு." கடைசியா மீன் கடை. ஒம்பது மணிக்கு மேலதான் கல்லு காயும். மொளகாத்தூள் அப்பின கெண்டைல வால் துண்டு. "ஒரு பீஸுக்கு மேல தொட மாட்டாரு."

ஒண்ணே ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு. அஞ்சு கடைலயும் அதே பாட்டு. அந்தந்தக் கடைக்காரரு கண்ணுக்கு அவரு நாக்க அடக்கின மகான். மொத்தமா சேத்துப் பாக்கறதுக்கு அந்த ஏரிக்கரைல என்ன விட்டா வேற ஆளு கிடையாது.

மீன் கடை பெஞ்சுல உக்காந்துகினு இருந்தேன். வயிறு நெறஞ்சு மூச்சு முட்டிச்சு. கோவம்னா அப்படி ஒரு கோவம். நான் இங்க சப்புன்னு டீ குடிச்சு சாவறேன், இவரு ராஜா மாதிரி ஏரியச் சுத்தி விருந்து! அந்தக் கோவத்துக்குள்ள இன்னொண்ணும் இருந்துச்சு. அல்லாரும் அவரப் பத்தி பேசறப்ப சிரிச்சாங்க. அவரு வந்தா கடை களை கட்டும்னு வடைக்கார அக்கா சொன்னாங்க. எங்கூட ஊட்ல நாலு வார்த்த பேசாத மனுஷன். பொறாமையா இருந்துச்சு எனக்கு. அத இப்ப சொல்றேன், அன்னிக்கு ஒத்துகினு இருக்க மாட்டேன்.

கரை அங்க முடியல. மதகாண்ட, வடநாட்டு ஆளுங்க ரூம் எடுத்துத் தங்கற பக்கம், ஒரு ஜிலேபி வண்டி நிக்கிறது தெரிஞ்சுது. சக்கரப் பாகு வாசன காத்துல வந்துச்சு. நான் போவல. இந்திக்காரரு வண்டியாண்ட இவரு எதுக்கு நிக்கப் போறாருன்னு நானே முடிவு பண்ணிகினு திரும்பிட்டேன்.

திரும்பற வழில ஒவ்வொரு கடைலயும் நின்னு நான் யாருன்னு சொன்னேன். வெரலு போனதச் சொன்னேன். காலு போவப் போறதச் சொன்னேன். வடைக்கார அக்கா எண்ணெ வடிக்கற ஜாரணிய அப்படியே கீழ வெச்சுட்டு, "ஐயோ, எனக்குத் தெரியாதேம்மா"ன்னு கன்னத்துல போட்டுகினாங்க. டீ மாஸ்டர்தான் யோசன சொன்னாரு. அந்தக் கரைக் கடைக்காரங்களுக்குன்னு ஒரு வாட்ஸப் குரூப்பு இருக்குது. பேரூராட்சி வண்டி கடையத் தூக்க வருதுன்னா ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கறதுக்கு. "அதுல போட்டுடலாம்க்கா. அஞ்சு பேரும் ஒண்ணா இருந்தாதான் அண்ணன் டபாய்க்க முடியாது."

அப்பவே என்னையும் அதுல சேத்து வுட்டாரு. எங்க அக்கா பொண்ணு கல்யாணத்துல எடுத்த அவரு போட்டோ என் போன்ல இருந்துச்சு. நெத்தில சந்தனம், வாயெல்லாம் பல்லு. அத அனுப்பினேன். கூட நானே பேசியும் அனுப்பினேன். என்ன பேசினேன்னு ஒரு எழுத்து மறக்காம சொல்லுவேன்.

"இவரு என் ஊட்டுக்காரரு. சக்கர வியாதி. ரெண்டு விரலு போயாச்சு. யாரும் ஒரு வாய் கூட எதுவும் குடுக்காதீங்க. கேட்டாலும் குடுக்காதீங்க. கெஞ்சினாலும் குடுக்காதீங்க."

மறுநாளு அவரு எட்டரைக்கே ஊடு திரும்பியிருக்காரு. நான் ஷிப்ட்டு முடிஞ்சு வர்றப்ப சேர்ல உக்காந்துகினு இருந்தாரு, செருப்பு கூட கழட்டாம.

"என் போட்டோவ எதுக்குமே போட்ட?"

"காலு இருக்கணும்னு போட்டேன்."

"திருட்டுப் பய போட்டோவத்தான் இப்படி ஒட்டுவாங்க. பஸ் ஸ்டாண்டுல." அவரு குரல ஏத்தல. ஏத்தியிருந்தா எனக்கு சவுரியமா இருந்திருக்கும். "டீக்கடைல நாலு பேரு முன்னால கைய விரிச்சான். ஊரக் கூட்டி என்ன பிச்சக்காரனாக்கிட்ட."

"நீ என்ன ஏமாத்தினதுக்கு இன்னா பேரு வெக்கலாம், அதச் சொல்லு மொதல்ல!"

அதோட பேச்ச நிறுத்திட்டாரு. பேச்சு மட்டும் இல்ல, சாப்பாடும் பாதியாச்சு. தட்டுல வெச்சத ரெண்டு வாய் தின்னுட்டு நகத்தி வெச்சுடுவாரு. ரோஷம். நான் மட்டும் சளைச்சவளா? பட்டினி கெடந்தா சக்கர எறங்கும், கெடக்கட்டும்னு விட்டேன். தெனம் ராத்திரி அவரு விரல நானே குத்தி மெஷின்ல பாப்பேன். கைய நீட்டிட்டு மொகத்த அந்தப் பக்கம் திருப்பிக்குவாரு. நம்பரு எறங்கிச்சு. நாளுக்கு நாளு எறங்கிச்சு. கம்பெனி பஸ்ல பக்கத்து சீட்டுப் பொண்ணுகிட்ட பெருமையா சொன்னேன், ஏரிக்கரையையே பூட்டிட்டேன் பாருன்னு.

ஊசி அளவ டாக்டரம்மா எதுக்கு ஏத்தினாங்க? சக்கர ஏறியிருந்துச்சு. ஏன் ஏறியிருந்துச்சு? அஞ்சு கடை. இப்ப அஞ்சு கடையும் கிடையாது, ஊட்டுச் சோறும் பாதிதான். ஊசி மட்டும் அப்படியே நிக்குது. இவ்ளோ சின்னக் கணக்கு. ஒரு போன் போட்டு டாக்டரம்மாகிட்ட சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்ல. எறங்கற நம்பரப் பாத்து நான் சந்தோஷப்பட்டுகினு இருந்தேன்.

ஒம்பதாவது நாளு. வெள்ளிக்கெழம. நான் ஹாட்பாக்ஸுல உப்புமா வெச்சுட்டு பஸ்ஸ ஏறிட்டேன். அவரு ஏழரைக்கு ஊசி போட்டுகினாரு. அதுல மட்டும் ரோஷம் காட்ட மாட்டாரு. ஹாட்பாக்ஸத் தொறக்கல. அப்படியே நடக்கக் கெளம்பிட்டாரு.

எங்க கம்பெனில போன உள்ள எடுத்துகினு போவ முடியாது, லாக்கர்ல வெச்சுடணும். ஒம்பதரைக்கு நாஷ்டா பிரேக்கு. லாக்கரத் தொறந்தா பதினோரு மிஸ்டு கால். எல்லாம் டீ மாஸ்டர். திருப்பி அடிச்சேன். லைனு பிஸி. மறுபடி அடிச்சேன். பிஸி. மூணாவது தபா எடுத்தாரு.

"அக்கா, அண்ணன் மதகாண்ட விழுந்துட்டாருக்கா. குடிச்சிருக்காருன்னு நெனச்சோம். தள்ளாடிகினு போனாரு. வாய் கொழறிச்சு."

அவரு குடிக்க மாட்டாரு. ஜென்மத்துல தொட்டதில்ல.

வேர்த்துக் கொட்டினா, கை நடுங்கினா. நர்சம்மா சொன்னது அப்பதான் எனக்குக் கேட்டுச்சு. சொல்லி எத்தினி நாளு கழிச்சு! "சக்கர குடுங்க! சக்கரத் தண்ணி குடுங்க!"ன்னு போன்ல கத்தினேன். கேன்டீன்ல அல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. லைனு கட்டாயிருந்துச்சு. கேட்டுச்சா கேக்கலியா தெரியல.

கேட் பாஸுல சூப்பர்வைசர் கையெழுத்து வேணும். அவரு மீட்டிங்ல இருந்தாரு. கதவத் தள்ளிகினு போயி நின்னேன். என் மொகத்தப் பாத்துட்டு ஒண்ணும் கேக்காம போட்டுக் குடுத்தாரு. மெயின் ரோட்டுல ஷேர் ஆட்டோ புடிச்சு, ஆளு ஏத்தாம போப்பான்னு கெஞ்சினேன். கெஞ்சினப்ப என் வாயில இருந்து வந்த அந்தச் சத்தம் எனக்கே புடிக்கல. லெவல் கிராசிங்ல கூட்ஸ் வண்டி. ஒவ்வொரு பெட்டியா போவுது, முடியவே மாட்டேங்குது. நான் வேண்டாத சாமி இல்ல. வேளாங்கண்ணி மாதாவையும் கூப்ட்டேன், திருத்தணி முருகனையும் கூப்ட்டேன். காலு போனா போவட்டும், ஆளு இருக்கட்டும்னு வேண்டிகினேன். அதுக்கு முந்தின நிமிஷம் வரைக்கும் எனக்குக் காலுதான் பெருசா இருந்துச்சு.

மதகு மேல அவரு உக்காந்திருந்தாரு. படுத்துக் கெடக்கல. உக்காந்திருந்தாரு. சட்ட பூரா நனஞ்சு ஒடம்போட ஒட்டியிருந்துச்சு. முதுகுக்குப் பின்னால முட்டு குடுத்துகினு ஒரு ஆளு. ஜிலேபி வண்டிக்காரரு. அவரு கைல ஒரு சில்வர் டம்ளரு, அதுல ஜிலேபிப் பாகத் தண்ணில கரைச்சு வெச்சு, கொஞ்சம் கொஞ்சமா எங்க ஊட்டுக்காரரு வாய்ல சாய்ச்சுகினு இருந்தாரு. மோவாய்ல பாகு வழிஞ்சு ஈ மொய்ச்சுது.

எங்க ஊட்டுக்காரரு என்ன நிமிந்து பாத்தாரு. கொஞ்ச நேரம் அடையாளம் தெரியாத மாதிரி பாத்தாரு. அப்பால, "இன்னாமே, இன்னிக்கு டூட்டி இல்லியா?"ன்னாரு.

ஒம்பது நாளைக்கு அப்பறம் எங்கூட பேசின மொத வார்த்த அது. நான் அங்கயே மண்ணுல உக்காந்துட்டேன்.

ஜிலேபிக்காரரு தனக்குத் தெரிஞ்ச தமிழ்ல சொன்னாரு. "டெய்லி வருவாங்க. சாப்புட மாட்டாங்க. நான் குடுத்தா, வேணாம், ஷுகர் இருக்கு, காலு பாருன்னு காட்டுவாங்க. சும்மா பேசுவாங்க." ஆலைல வடநாட்டு ஆளுங்களோட வேல பாத்துப் பாத்து எங்க ஊட்டுக்காரருக்கு அரகொற இந்தி வரும். "இன்னிக்கு வேர்க்குது, தலை சுத்துது. ஷுகர் ஆளுன்னு தெரியும். அதான் குடுத்தேன்."

ஏரியச் சுத்தி இருக்கிற கடைலயே அந்த ஒரு எடத்துலதான் அவரு நாக்க அடக்கியிருக்காரு. அந்த ஒரு ஆளுகிட்டதான் உண்மையச் சொல்லியிருக்காரு. நான் எட்டிப் பாக்காம திரும்பின எடம் அது. அந்த ஜிலேபிக்காரரு குரூப்புலயும் கிடையாது. இந்திக்காரருன்னு யாரும் சேக்கல. சேத்திருந்தா நான் பேசினது அவருக்கும் போயிருக்கும்.

ஆஸ்பத்திரில டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியக் கழட்டாமலே என்னத் திட்டினாங்க. வெளிய சாப்ட்டதை நிறுத்தினா எனக்குச் சொல்ல வேணாமாம்மா, நான் யாருக்குன்னு ஊசி அளவு எழுதினேன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. அளவக் கொறச்சாங்க. ஒரு நாளு வெச்சிருந்து அனுப்பறேன்னாங்க. புண்ணப் பிரிச்சுப் பாத்தாங்க, மோசமாவல, ஆறவும் இல்ல, இன்னும் பாக்கணும்னாங்க.

சாயந்திரம் டீ மாஸ்டரும் வடைக்கார அக்காவும் வந்தாங்க. அக்கா கட்டிலுக்குக் கிட்ட வராம கதவாண்டயே நின்னுகினு அழுதாங்க. அவங்க சொல்லித்தான் மீதி தெரிஞ்சுது. மொதல்ல டீக்கடைல போயி, கை ஒதறுது, சக்கர தூக்கலா ஒரு டீ போடுன்னு கேட்டிருக்காரு. மாஸ்டரு நடிப்புன்னு நெனச்சு, "அண்ணி என்ன ஒதைப்பாங்கண்ணே"ன்னு சிரிச்சிருக்காரு. அக்காகிட்ட வடை கூட கேக்கல, ஒரு புடி சக்கர கேட்டிருக்காரு. அதுக்குள்ள பேச்சு கொழறியிருக்குது. காலங்காத்தால குடிச்சுட்டு வந்து நிக்குதுன்னு அக்கா மொகத்தத் திருப்பிகினாங்க. மெஸ்ஸுல தண்ணி மட்டும் குடுத்திருக்காங்க. கூழு வண்டிக்காரரு போன எடுத்து, நான் பேசி அனுப்பினத இவரு காதாண்ட ஓட விட்டிருக்காரு.

கேட்டாலும் குடுக்காதீங்க. கெஞ்சினாலும் குடுக்காதீங்க.

அவங்க போன அப்பறம் நான் கட்டில் ஓரமா உக்காந்தேன். அவருதான் பேசினாரு.

"நாலு கடைல கேட்டேன்மே." கோவமே இல்லாம சொன்னாரு. "ஒருத்தரு கூட உன் பேச்சத் தட்டல."

அவரு கால எடுத்து என் மடில வெச்சுகினேன். ரெண்டு விரலு இல்லாத பக்கத்த கையால பொத்திகினு அப்படியே இருந்தேன். அவருக்கு அது தெரியாது, அந்தக் கால்ல உணர்ச்சி கிடையாது. தெரியட்டும்னு சத்தமா சொன்னேன், "நான் தப்பு பண்ணிட்டேன்யா"ன்னு. "நானுந்தான்"ன்னாரு அவரு.

அடுத்த லீவு நாளு ரெண்டு பேரும் ஒண்ணா நடக்கக் கெளம்பினோம். கெளம்பறதுக்கு முந்தி உப்புமாவ நான் எதுர உக்காந்து அவரத் திங்க வெச்சேன். அவரு சட்டப் பைல ஒரு பொட்டலம் சக்கரைய மடிச்சு வெச்சேன், எங்க ஊட்டுக்குள்ள ரெண்டு வருஷம் கழிச்சு வந்த சக்கர. நீலச் செருப்ப மாட்டிகினு அவரு மெதுவா நடந்தாரு. நானும் அதே மாதிரி நடந்து பாத்தேன். அப்படி நடந்தாதான் ஏரி கண்ணுல படுது. கொக்கு நெஜமாவே இருந்துச்சு.

டீக்கடையாண்ட மாஸ்டரத் தனியா கூப்ட்டு, குரூப்புல இருக்கிற போட்டோவையும் நான் பேசினதையும் அழிச்சுடச் சொன்னேன். அவரு என் போன வாங்கித் தடவிப் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்தாரு.

"எல்லாருக்கும் அழிக்கிற டைம் தாண்டிடுச்சுக்கா. இப்ப அழிச்சா உங்க போன்ல மட்டும்தான் போவும்."

அப்ப அது அங்கயேதான் கெடக்கும். அவங்கவங்க போன்ல, நெத்தில சந்தனத்தோட அவரு, அவருக்குக் கீழ என் குரல். சரி, ஒவ்வொரு கடையா நடந்து வாயால சொல்லிட்டு வர்றேன்னு மாஸ்டர்கிட்ட சொல்லிட்டு பெஞ்சுக்கு வந்தேன். எங்க ஊட்டுக்காரரு ஏற்கெனவே உக்காந்திருந்தாரு.

"ஒரு டீ போடு மாஸ்டர்"ன்னாரு.

மாஸ்டரு கிளாஸ எடுத்தாரு. எடுத்துட்டு, அவரப் பாக்கல. அவரு தலைக்கு மேல என்னப் பாத்தாரு. போடட்டுமான்னு கண்ணால கேட்டாரு. பெஞ்சுல இருந்த இன்னும் ரெண்டு பேரும் என்னத்தான் பாத்தாங்க.

எங்க ஊட்டுக்காரரு குனிஞ்சு செருப்பு வாரச் சரி பண்ணிகினு இருந்தாரு, சரியாத்தான் இருந்துச்சு அது.

நான் ஏரிப் பக்கம் திரும்பி நின்னுகினேன். மாஸ்டரு இன்னும் என்னத்தான் பாக்கறாருன்னு தெரிஞ்சுது. நான் திரும்பல. கடைசில எங்க ஊட்டுக்காரரு குரல்தான் கேட்டுச்சு, ரொம்ப நிதானமா.

"சக்கர வேணாம். ஒரு கிளாஸ் இல்ல, ரெண்டு."

நான் அப்பவும் திரும்பல.